பாடாங்கில் விளக்கு அணைந்த இரண்டு நிமிடம்

2018 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்தது இது. வேலை முடிந்து மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. சுல்தான் அப்துல் சமாட் கட்டட வளைவுகளுக்குக் கீழே ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எதிரே டத்தாரான் மெர்டேக்காவையே, அதாவது அந்தக் காலத்தில் 'பாடாங்' என்ற திடலையே, பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அப்போ கொடிமரம் இவ்வளவு உயரம் இல்ல" என்றார்.

இப்போதிருக்கும் மரம் 95 மீட்டர். 'அப்போ' என்றால் எப்போது என்று கேட்டேன். 1957 ஆகஸ்டு 30 இரவு. அவருக்கு வயது பத்து. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. அங்கிருந்து நடந்தே வந்தார்களாம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மலாயாவின் (இன்றைய தீபகற்ப மலேசியாவின்) முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை இந்தத் திடலில்தான் வாசித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது மறுநாள் காலை, மெர்டேக்கா ஸ்டேடியத்தில். இங்கே நடந்தது முந்தின நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால், அந்தக் கொடி இறங்கிய இடம் இது என்பதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. முதலில் போலீஸ் பயிற்சித் திடல், அப்புறம் 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் மைதானம். எதிர்ப்பக்கம், 1897இல் கட்டி முடித்த, நாங்கள் ஒதுங்கி நின்ற இந்தக் கட்டடம்; அன்றைய அரசாங்க அலுவலகம். வெள்ளைக்கார அதிகாரிகள் பகலில் இந்தப் பக்கம் ஆட்சி நடத்திவிட்டு, சாயங்காலம் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் ஆடப் போனார்கள். அந்தப் புல்வெளியில்தான் அன்று இரவு செந்தூல் பட்டறைத் தொழிலாளியும் மகனும் நின்றார்கள்.

"சனம் நெருக்குது. எங்கப்பா தோள்ல கிடந்த துண்டோட ஒரு முனைய என் கையில கட்டிட்டாரு. மறுமுனை அவர் கையில" என்று சொல்லிக்கொண்டே இடது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். முடிச்சு இறுகி வலித்ததாம். அவிழ்க்கச் சொல்லப் பயம்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது துங்கு வந்தார். விளக்கெல்லாம் அணைந்தது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் பெரியவர் சொன்னது புத்தகத்தில் இல்லை. "அவ்வளவு பேர் இருக்காங்க, யார் முகமும் தெரியல. துண்டு மட்டும் அப்பப்போ இழுத்துச்சு. அதுதான் எனக்கு அப்பா."

மணி பன்னிரண்டு ஆனதும் விளக்கு வந்தது. யூனியன் ஜாக் இறங்கியது, தேசிய கீதமான 'நெகாராகூ' ஒலிக்க மலாயாவின் கொடி ஏறியது. கூட்டம் ஏழு முறை 'மெர்டேக்கா' (சுதந்திரம்) என்று முழங்கியது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் அப்பா கையை உயர்த்த, இவர் கையும் சேர்ந்து மேலே போனதாம்.

நான் இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். பெரியவருக்கு முக்கியமாக இருந்தது திரும்பிப் போன வழி. அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அன்றைய புதிய அரசியலமைப்புப்படி, மெர்டேக்கா நாளிலிருந்து இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன்பே இங்கே இருந்த, குடியுரிமை இல்லாதவர்கள் மனுப் போட வேண்டியிருந்தது. ஓராண்டுக்குள் போட்டால் அவர்களில் பலருக்கு மலாய் மொழித் தேர்வு இல்லை. அந்தச் சலுகையைப் பற்றித் தெரியாமலும், 'எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்' என்றிருந்தும் நம் ஆட்கள் பலர் காலத்தைக் கடத்திவிட்டார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கடைசிவரை அலைந்த தாத்தா பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

இவருடைய அப்பா அந்த இரவு நடந்துவரும்போதே முடிவு செய்துவிட்டார். "மனு எழுதத் தெரிஞ்சவர் யாருன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே வந்தாரு. எனக்கு என்ன தெரியும்? பத்து வயசு."

மழை விட்டது. குடையை மடக்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: "எங்கம்மா அப்போ நிறைமாசம். தங்கச்சி செப்டம்பர்ல பொறந்தா. எங்க மனுவுக்குப் பதில் வர்றதுக்கு முன்னாடியே அவ குடிமகள் ஆயிட்டா. அப்பா சாகுறவரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. மலாயாக்காரின்னுதான் கூப்பிடுவாரு."