வெளிர் சோயா சாஸ் என்றால் உப்பு குறைவு இல்லையா?

செங்காங் மருமகள்:
மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. ஜப்பானிய சூப்பர்மார்க்கெட்டில் ‘உசுகுச்சி’ என்று ஒரு சோயா சாஸ் பார்த்தேன். நிறம் வெளிராக இருந்தது. உப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்று வாங்கிவந்து, பூசணிக்காயை அதில் வேகவைத்தேன். வழக்கமாக ஊற்றுகிற அளவுதான். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, “கடல் தண்ணியிலயா வேகவச்ச?” என்கிறார். எங்கே தப்பு? அத்தை சைவம் வேறு.

அடுப்படி அண்ணன்:
தங்கச்சி, அந்தப் பெயரில் ஏமாறாதவர் குறைவு. ஜப்பானிய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் ஒரு குண்டான் சூப்பைக் கொட்டியிருக்கிறேன். உசுகுச்சியில் நிறம்தான் குறைவு, உப்பு அதிகம். சாதாரண ‘கொய்குச்சி’யில் சுமார் 16 சதவீதம் என்றால் இதில் 18க்கு மேல். நொதிப்பை மெதுவாக்கி நிறம் ஏறாமல் தடுப்பதே அந்த உப்புதான். காய்கறியின் நிறம் மாறக் கூடாது என்று பார்க்கும், ஜப்பானின் ஒசாகா, கியோட்டோ இருக்கும் கன்சாய் பக்கத்துச் சமையலுக்கு அது வசதி.

அத்தைக்கு ‘கென்என்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதுதான் உப்பு குறைத்தது. 100 கிராமில் 9 கிராமுக்கு மேல் உப்பு இருக்காது. அதுவும் சும்மா இல்லை, அளந்தே ஊற்றுங்கள். பாதியை அடுப்பை அணைக்கும்போது ஊற்றினால் வாசனை நிற்கும். கொதிக்கக் கொதிக்கப் பறந்துவிடும், நம் பெருங்காயம் போல.

‘தாஷி’ (சூப்புக்கான சாறு), ‘ட்சுயு’ (அந்தச் சாறு கலந்த சோயா சாஸ்) என்று எழுதிய புட்டிகளைப் பார்த்து எடுங்கள். பெரும்பாலும் கட்சுவோ மீன் கலந்திருக்கும். நம் மாசிக்கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி! அத்தைக்கு ‘கொம்பு’ என்கிற கடற்பாசியும் காய்ந்த ஷிட்டாக்கே காளானும் ஊறவைத்த தண்ணீர் போதும்.

மீ கோரெங் பிரியன்:
அண்ணே, குறுக்கே ஒரு கேள்வி. தமாரி என்கிற ஜப்பானிய சோயா சாஸ் கன்னங்கரேல் என்று இருக்கிறதே, மீ கோரெங்குக்குக் கறுப்பு சோயா சாஸுக்குப் பதில் அதை ஊற்றலாமா?

அடுப்படி அண்ணன்:
வேண்டாம் தம்பி. நம் கடைகளில் கிடைக்கும் சீனக் கறுப்பு சாஸில் கருவெல்லம் மாதிரி இனிப்பு இருக்கும், நிறம் நூடுல்ஸில் ஒட்டும். தமாரி பெரும்பாலும் சோயாவை வைத்தே செய்வது, கோதுமை கொஞ்சம் அல்லது இல்லவே இல்லை. அதைப் பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். மீ கோரெங்கில் ஊற்றினால் காசுக்குக் கேடு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் லேபிளைப் படித்தே வாங்குங்கள்.

செங்காங் மருமகள்:
நன்றி அண்ணா. இன்று கென்என், காளான் தண்ணீர், ஒரு துளி சர்க்கரை. பூசணி மஞ்சளாகவே இருந்தது, வாசனையும் தூக்கியது. அத்தை சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் சப்புனு இருக்கு” என்று சொல்லி ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறார்.

அடுப்படி அண்ணன்:
ஜாடியைப் பரண்மேல் வையுங்கள் தங்கச்சி.