டாஸ்மன் கடலுக்கு இருபுறமும்: ரக்பி, வேட்டை, மனத்தை விட்டுப் போகாத ஒரு கணம்

கேன்டர்பரிவாசி:

ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் கூடும் ரக்பியிலோ வேட்டையிலோ மறக்காத கணம் எது என்ற கேள்விக்கு என் பதில்: 2022 செப்டம்பர் 15. தேதியைச் சொன்னாலே எந்த ஆட்டம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதும் பிளெடிஸ்லோ கோப்பை ரக்பி. நான் அன்று மெல்பர்னில் இல்லை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வைமாட்டேக்கு மேலே, ஒரு பண்ணைக்காரரின் பழைய கொட்டகையில் இருந்தேன். கூட என் வேலையிடத்து நண்பர், கிவி, அதாவது நியூசிலாந்துக்காரர். அவருடைய தங்கை கணவர், பிரிஸ்பேன்காரர். இரவு வாலபீஸ் (ஆஸ்திரேலிய ரக்பி அணி) ஆட்டத்தைக் கேட்பது, விடிந்ததும் வாலபி (சின்னக் கங்காரு) சுடப் போவது என்று நண்பர் மூன்று மாதமாகத் திட்டம் போட்டிருந்தார். மச்சானைச் சீண்டத்தான், வேறு காரணமே கிடையாது. அந்த மலைகளில் 1874-ல் கொண்டுவந்து விட்ட வாலபிகள் பெருகிப் புல்லையும் காட்டுக் கன்றுகளையும் தின்று தீர்க்கின்றன. பண்ணைக்காரர்களே சுடச் சொல்லிக் கேட்பார்கள்.

எங்களுக்கு இரவு 11.30 இருக்கும். ஆஸ்திரேலியா 37-34 என்று முன்னால். கடைசி நிமிடம், பெனால்டியும் அவர்களுக்கே. அப்போது ரெஃபரி தேவையில்லாமல் ஊதிய விசில், பந்து கைமாறி ஸ்க்ரம் (இரு அணிகளும் முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது), நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை, 39-37. பிரிஸ்பேன்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து இருட்டில் போய் நின்றார்.

காலையில் மூவரும் ஈரப் புல்லில் படுத்திருந்தோம். புதரிலிருந்து ஒரு வாலபி வந்து, முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அறுபது மீட்டர்கூட இல்லை. முதல் வாய்ப்பு விருந்தாளிக்கு. அவர் நெடுநேரம் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பிறகு தோட்டாவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "என் பையன் இதன் படம் போட்ட வாலபீஸ் சட்டையோடுதான் தூங்குவான்."

நண்பர் பிடித்துக்கொள்வார், இதை வைத்தே பத்து வருஷம் ஓட்டுவார் என்று நினைத்தேன். அவரும் தன் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். வாலபி மேய்ந்துவிட்டுப் போகும்வரை படுத்தே கிடந்தோம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு அந்த நொடியில் எப்படித் தெரிந்தது? அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாராநதிக்கரை:

கதை அருமை. ஆனால் "தேவையில்லாமல் ஊதிய விசில்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், அதை விட முடியாது. நான் அன்று அரங்கத்துக்குள் இருந்தேன். ரெஃபரி மத்தியூ ரேனால் முதலில் கடிகாரத்தை நிறுத்தினார். சீக்கிரம் உதை என்று, பெனால்டியை உதைக்க நின்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஃபோலியிடம் சொன்னார். கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டு மறுபடியும் சொன்னார். அதற்கப்புறமும் பந்து காலுக்கு வரவில்லை, நேரம் கடத்துகிறார் என்று ஊதினார். விதிப்படி அது சரிதான். நான் வாலபீஸ் பக்கம், இருபது வருஷமாக. அந்தக் கோப்பை 2003-லிருந்து அக்கரையிலேயே இருக்கிற வலி எனக்கும் உண்டு. அதற்காகச் சரியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதுவரை எந்த ரெஃபரியும் அப்படிக் கடைசி நிமிடத்தில் ஊதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் அதிர்ச்சி.

என் கணம் இது: பக்கத்து இருக்கையில் நியூசிலாந்து அணியின் கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், ஆட்டம் முழுக்க என்னைச் சீண்டிக்கொண்டே வந்தார். பாரெட் விழுந்து ட்ரை போட்டதும் அவர் குதிக்கவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இப்படி வேண்டாம், தம்பி" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பெயர்கூடக் கேட்காமல் பிரிந்துவிட்டோம்.

ஹோம்புஷ்மாமா:

நீங்கள் எல்லாரும் 2022-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2000 ஜூலை 15-ஐப் பார்த்தவன் வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டான். அப்போது நான் சிட்னிக்கு வந்து ஒரு வருஷம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் கனபேர் ஹோம்புஷ் பக்கம்தான் இருந்தோம். ஒலிம்பிக் அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ரக்பி என்றால் என்னவென்று தெரியாது. வேலையிடத்து நியூசிலாந்துப் பெடியன் ஒருவன் டிக்கெட் தந்து கூட்டிக்கொண்டு போனான்.

109,874 பேர். நாங்கள் இருக்கையைத் தேடி உட்காருவதற்குள் 24-0, நியூசிலாந்துக்கு. இடைவேளையில் 24-24. முடிவுக்குக் கிட்டே ஆஸ்திரேலியா 35-34. அப்புறம் நியூசிலாந்தின் ஜோனா லோமு. இடது ஓரக் கோட்டை ஒட்டி, அந்த மலை மாதிரி உடம்பு நுனிக்காலில் ஓடியது. கால் கோட்டைத் தொடப்போகிறது, தொடப்போகிறது என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தொடவில்லை. 39-35.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கடுத்த கணம். தோற்ற ஆஸ்திரேலியர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். என் முன்னால் இருந்த பச்சை-மஞ்சள் சட்டைக்காரர் திரும்பி, என்னைக் கூட்டிவந்த பெடியனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து ஊர்க்காரனோடு பகை என்றால் என்ன என்று வேறு விதமாகப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கைகுலுக்கலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்று கிழமை கழித்து வெலிங்டனில் வழக்கமாக உதைக்கிறவர் களத்தில் இல்லாதபோது ஆஸ்திரேலியக் கப்டன் ஜோன் ஈல்ஸ் தானே கடைசி உதையை உதைத்து 24-23 என்று வென்றார். அடுத்த நாள் அந்தப் பெடியன் விடிய முதல் எனக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னான். நான் எப்போது ஆஸ்திரேலியன் ஆனேன் என்று யாராவது கேட்டால் அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் சொல்லுவேன்.

கோத்தகிரிக்காரன்:

கேன்டர்பரிவாசி, சுடாமல் வந்தது உங்களுக்கு நிம்மதி. நான் கூட இருந்த பயணத்தில் சுட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம், நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாற்றுக்குத் தெற்கே, ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டார்கள். இரண்டு ஆஸிகள் (ஆஸ்திரேலியர்கள்), இரண்டு கிவிகள், நான். நான் சுடுகிறவன் இல்லை, படம் எடுக்கப் போனேன். தார் என்கிற இமயமலைக் காட்டாட்டு வேட்டை. யார் பெரிய கொம்பு எடுக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் அடுத்த பிளெடிஸ்லோ ஆட்டத்தின் டிக்கெட் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

பைனாகுலரில் முதல் கடாவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர் வரையாட்டின் உறவு அது. குளிர்காலப் பிடரிமயிர் மட்டும் சிங்கத்துக்கு இருப்பதுபோல் காற்றில் புரண்டது. அதே மாதிரி செங்குத்துப் பாறை, அதே மாதிரி அசையாத நிற்பு. நீலகிரியில் வரையாட்டைத் தொட்டால் சிறை, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இங்கே 1904-ல் கொண்டுவந்து விட்ட தார் பெருகி மலையுச்சிச் செடிகளை மொட்டையடிக்கிறது, பத்தாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1993-லேயே திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டும் நியாயம் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் தொண்டை அடைத்தது.

மூத்த ஆஸி சுட்டார். நல்ல குறி. ஆனால் கடா நின்ற இடம் சரியில்லை. சரிந்து, பாறையில் மோதி, யாரும் இறங்க முடியாத பிளவுக்குள் போய்விட்டது. கிவிகளில் ஒருவர் கயிறு இருக்கிறதா என்று பார்த்தார், விளிம்புவரை போய்ப் படுத்து எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து "முடியாது" என்றார். இறைச்சியை எடுக்க முடியாத இடத்தில் சுடக்கூடாது என்று காலையில் சொன்னவரும் அவர்தான். அதை அவர் திரும்பச் சொல்லவே இல்லை. சுட்டவர் கற்கள் உருளும் சத்தம் நின்ற பிறகும் அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இரண்டு நாள் பந்தயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பாதுகாப்பேமுதல்:

கோத்தகிரிக்காரன் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அனுபவம் சின்னது: சிட்னியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியபோது என் பூட்ஸில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைப் பார்த்து அதிகாரி ஓரமாக உட்கார வைத்தார், வெளியே காத்திருந்த கிவி நண்பர்கள் அரை மணி நேரம் சிரித்தார்கள்.

ஆகவே போகிறவர்களே, பூட்ஸ், கூடாரக் கம்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக் காய வைத்து, படிவத்தில் "ஆம்" என்று எழுதுங்கள். ஒளித்தால்தான் அபராதம். சொந்தத் துப்பாக்கி கொண்டுபோனால் நியூசிலாந்துக் காவல்துறையின் விருந்தினர் உரிமம் வேண்டும், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். அரசு நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்திலேயே கிடைக்கும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், ஆபத்தில் நீங்கள் இருக்கும் இடத்தை மீட்புக்குழுவுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் கருவியை வாடகைக்கு எடுங்கள். ஆறு ஏறினால் கடக்காதீர்கள், ஒரு நாள் காத்திருங்கள். மார்ச் கடைசி, ஏப்ரலில் ஆண் செம்மான்கள் கத்தும் பருவத்தில் காடு முழுக்க ஆள் இருக்கும். மான்போலக் கத்துவது மானாக இருக்க வேண்டியதில்லை, மானை வரவழைக்கக் கத்தும் இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். முழு உருவமும் ஐயமில்லாமல் தெரியும்வரை விரலை விசையில் வைக்காதீர்கள். கொம்பை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவருவதானால் சதை, ரத்தம், தோல் ஒட்டாமல் கொதிக்க வைத்துச் சுத்தமாக்குங்கள். சொந்த வேட்டை இறைச்சியை விற்கக் கூடாது, பண்டமாற்றுக்கும் கொடுக்கக் கூடாது.

கடல்தாண்டியவள்:

அண்ணா, யாரும் கேட்கவில்லையே. ஆனாலும் அந்த மான் கத்தும் விஷயத்துக்கு நன்றி, என் கணவர் அடுத்த ஏப்ரலில் போகிறார்.

நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஆறு வருஷம் இருந்துவிட்டுப் பிரிஸ்பேனுக்கு மாறினோம். கிளம்பும் நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு ஜோடி கையுறை கொடுத்தார். மெரினோ ஆட்டுக் கம்பளியும், போசம் என்கிற மரமேறும் சிறு விலங்கின் மயிரும் கலந்து பின்னியது. போசத்தை அவருடைய பேரன்தான் பொறி வைத்துப் பிடிப்பான். அங்கே அது பெருமை: 1837-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, பறவை முட்டையைக்கூட விடாது, ஒன்றைப் பிடித்தால் ஒரு மரம் பிழைத்தது என்பார்கள்.

ஜூலைக் காலை ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டு என் பையனின் பள்ளி வாசலில் நின்றேன். இன்னொரு அம்மா தொட்டுப் பார்த்து, எவ்வளவு மிருது, எதில் செய்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவர் வீட்டுக் கூரைக்குள் குட்டியோடு ஒரு போசம் இருந்தது, பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள், இங்கே அது சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. நான் மன்னிப்புக் கேட்கவும் முடியாமல், பாட்டியை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் நின்றேன். கையுறை இப்போதும் அலமாரியில் இருக்கிறது. ஆக்லாந்து போகும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

கேன்டர்பரிவாசி:

யாராநதிக்கரைக்கு: சரி, விசில் விதிப்படிதான், "தேவையில்லாமல்" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொட்டகையில் அன்று இரவு யாரும் விதியைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பிரிஸ்பேன்காரர் மறு வருஷமும் வந்தார், வைமாட்டேக்கே. இந்த முறை பையனையும் கூட்டிவந்தார், துப்பாக்கி கொண்டுவரவில்லை. நண்பர் அந்தப் பையனை விடியற்காலையில் அதே புல்லுக்குக் கூட்டிப்போய் வாலபி காட்டினார். பையன் தங்க நிறச் சட்டைதான் போட்டிருந்தான். நண்பர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கொட்டகைக்குத் திரும்பும்வரை.