வந்தேறிக் கிளியா, குடியூன்றிய கிளியா?

அன்புடையீர், வணக்கம். பறவைப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும். கூண்டிலிருந்து தப்பிய அயல்நாட்டுக் கிளிகள், ஆள் உதவியின்றித் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்து நிலைத்துவிடுகின்றன. லண்டனில் நம் செந்தார்ப் பைங்கிளி, பார்சிலோனாவில் தென்னமெரிக்க மங்க் கிளி. இந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். 'வந்தேறிக் கிளி' சரிவருமா?

*

வந்தேறி வேண்டாம் ஐயா. கேடு செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். மனிதரை ஏசவும் வழங்கும் சொல். பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று வருகிறதே! 'உறைகிளி' என்போம். அயல் வேண்டுமென்றால் 'அயற்றத்தை' (அயல் + தத்தை; தத்தை என்றாலும் கிளிதான்). கிளை என்றால் சுற்றம். சுற்றத்தோடு திரிவதால்தான் கிள்ளை என்றானது என்பது என் துணிபு. இதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

*

இன்று வகுப்பில் பலகையில் 'உறைகிளி' என்று எழுதினேன். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "பனியில உறைஞ்சுபோன கிளியா டீச்சர்?" அயற்றத்தையை ஒருவராலும் பிரித்துப் படிக்க முடியவில்லை. புணர்ச்சி சரிதான் ஐயா, பிள்ளைக்கு எட்டவில்லையே. 'இனிது உறையும்' என்பதும் எப்போதும் பொருந்தாது. பெல்ஜியத்தில் மரப்பொந்துக்காக உள்ளூர்ப் பறவையோடு போட்டி போடுகின்றன பைங்கிளிகள்.

*

'கூடூன்றிய கிளி'?

*

பைங்கிளி கூடு கட்டாதே, பொந்தில்தான் முட்டையிடும். மங்க் கிளிதான் குச்சி அடுக்கிப் பெருங்கூடு கட்டும். மின்கம்பத்தில் கட்டி மின்சாரத்தையே தடைசெய்யும். குடி என்றால் இரண்டும் அடங்கும். தப்பிய கிளி இரண்டு குளிர்காலம் பிழைத்தாலும் அது குடியன்று. அங்கேயே பிறந்த குஞ்சு, தானும் குஞ்சு பொரித்தால்தான் குடி ஊன்றியது. சொல் காட்டவேண்டியது அந்த இனப்பெருக்கத்தை. 'குடியூன்றிய அயல்கிளி' என்பது என் முன்மொழிவு.

*

நேரமில்லை நண்பர்களே. மூவர் ஒப்பியதால் 'குடியூன்றிய அயல்கிளி' என்றே அனுப்பிவிட்டேன்.

*

அயற்கிளி என்று றகர ஒற்றாவது இட்டிருக்கலாம். அதைவிட, 'அயல்' என்பதே எனக்கு உடன்பாடில்லை. பிரஸ்ஸல்ஸில் 1974-இல் ஒரு பூங்காவிலிருந்து ஏறத்தாழ 40 கிளிகளைத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே பறப்பவை அந்த ஊர்ப் பொந்தில் பிறந்தவை, கூண்டையே பார்த்திராதவை. எத்தனையாவது தலைமுறையில் 'அயல்' உதிரும்? அடுத்த பதிப்புக்குள் இதைப் பேசியாகவேண்டும். உறைகிளியை நான் இன்னும் விடவில்லை.