புகைவாயு உறிஞ்சிகள்: ‘வொர்க்கிங் கெப்பாசிட்டி’க்கு என்ன சொல்?

வணக்கம்.

புகைவாயுவிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் புரைத்திண்மங்களுக்கான (நுண்துளைகள் நிறைந்த திண்மங்கள்) சொற்பட்டியலில் ‘வொர்க்கிங் கெப்பாசிட்டி’ மட்டும் இடறுகிறது. ‘வேலைக் கொள்ளளவு’ என்றால் ஆள்கணக்குப் போல ஒலிக்கிறது.

பொருள் இதுதான். ஒரு திண்மம் 40 பாகை செல்சியசில், 0.15 பார் பகுதியழுத்தத்தில், கிராமுக்கு 3.0 மில்லிமோல் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 பாகைக்குச் சூடாக்கிய பின்னும் 1.2 உள்ளேயே தங்குகிறது. ஒரு சுற்றில் கைக்கு வருவது 1.8, அதாவது கிராமுக்கு ஏறத்தாழ 79 மில்லிகிராம். 3.0-ஐ ‘ஏற்பு’ என்றும் 1.2-ஐ ‘எச்ச ஏற்பு’ என்றும் சொன்னால், 1.8 ‘நிகர ஏற்பு’ ஆகலாமா?

---

> 1.8 ‘நிகர ஏற்பு’ ஆகலாமா?

வேண்டாம், ஐயா. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பரப்புக்கவர்தலில் (வாயு திண்மத்தின் பரப்பில் ஒட்டிக்கொள்வது; இலங்கை வழக்கில் புறத்துறிஞ்சல்) முழு அளவு, மிகை அளவு, நிகர அளவு என மூன்று தனித்தனிக் கணியங்கள் உண்டு. உறிஞ்சி வைத்த கலத்தில் உள்ள வாயுவிலிருந்து, அதே கலம் வெறுமையாக இருந்தால் பிடிக்கும் வாயுவைக் கழித்தால் வருவது நிகர அளவு. அது ஒரே நிலையில் அளப்பது. நீங்கள் சொல்வதோ இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு. உயரழுத்த அளவீடு பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பத்தியில் மோதும்.

---

‘மீட்பளவு’ என்று சொல்லலாமே? வெளியே மீட்டெடுப்பதுதானே.

---

அதிலும் சிக்கல். உள்ளே வந்த கார்பன் டைஆக்சைடில் எத்தனை விழுக்காடு பிடிபட்டது என்பதே மீட்பு. 90 விழுக்காடு என்று இலக்கு வைப்பது அதற்குத்தான். 1.8 உள்ள திண்மத்திலும் சுற்று நேரத்தை நீட்டி, கார்பன் டைஆக்சைடு பிடிபடாமல் மறுமுனையில் கசியும்வரை விட்டால் மீட்பு சரியும்.

என் பரிந்துரை ‘சுற்றேற்பு’. ஏற்பு, எச்ச ஏற்பு, சுற்றேற்பு: மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன. ‘கொள்ளளவு’ பாத்திரத்தின் கன அளவை நினைவூட்டுகிறது. புரைப்பருமனுக்கு அதை விட்டுவிடுவோம்.

எந்தச் சொல்லானாலும், மீட்டாக்க நிலையை (பிடித்த வாயுவை வெளியேற்றி உறிஞ்சியை மறுபடி தயாராக்கும் நிலை) சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதக்கூடாது. மேலே உள்ள 1.2 தூய கார்பன் டைஆக்சைடில், 1 பாரில் சூடாக்கியபோது தங்கிய எச்சம் என்று கொள்ளுங்கள். அதே 120 பாகையில் நைட்ரஜனை ஓட்டினால் எச்சம் 0.2-க்கு இறங்கி, சுற்றேற்பு 2.8 என்று அழகாகக் காட்டும். ஆனால் வெளிவருவது மறுபடியும் நைட்ரஜன் கலந்த வாயு, பிரித்தும் பயனில்லை. ஆய்வகத்து எடைமானிச் சோதனைகள் பல இந்த வசதியான வழியில் செய்யப்படுபவை.

---

‘சுற்றேற்பு’க்கு என் ஆதரவு. வரையறையில் ஈரத்தையும் சேருங்கள். உலர்வாயுவில் 13-எக்ஸ் சியோலைட் (நுண்துளைகள் உள்ள ஓர் அலுமினோசிலிக்கேட்) நன்றாகப் பிடிக்கும். நீராவி சேர்ந்தால், அதன் சோடியம் அயனிகளை நீரே முதலில் பற்றிக்கொள்கிறது. அதை முழுதாக வெளியேற்ற 300 பாகை அளவுக்குப் போகவேண்டும். 120 பாகையில் நடத்தும் சுற்றில் நீர் சுற்றுக்குச் சுற்று குவிந்து, சுற்றேற்பு தேய்ந்துகொண்டே போகும். அமீன் (கார்பன் டைஆக்சைடோடு வினைபுரியும் நைட்ரஜன் சேர்மம்) ஏற்றிய சிலிகாவில் கதை தலைகீழ்: உலர்நிலையில் ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுக்கு இரண்டு அமீன் செலவாகும், ஈரத்தில் ஒன்றே போதும் என்பது கோட்பாட்டு எல்லை. அதையே உலர்ந்த கார்பன் டைஆக்சைடில் மிகையாகச் சூடாக்கினால் யூரியாப் பிணைப்பு உருவாகி அமீன் செத்துவிடும். நீராவியில் மீட்டாக்குவது இதற்காகவும்தான்.

---

பட்டியலுக்கான வரைவு:

சுற்றேற்பு: ஏற்கும் நிலையில் சமநிலை ஏற்புக்கும், மீட்டாக்கும் நிலையில் எஞ்சும் ஏற்புக்கும் உள்ள வேறுபாடு. அலகு: மில்லிமோல்/கிராம். இரு நிலைகளின் வெப்பநிலை, பகுதியழுத்தம், ஈரப்பதம், மீட்டாக்கும் வாயு, எத்தனையாவது சுற்று ஆகியவை உடன் தரப்படவேண்டும்.

படுகையில் (உறிஞ்சியை நிரப்பி வாயுவை ஓட்டும் கலத்தில்) அளந்தது இதைவிடக் குறைவாகவே வரும், ஏனெனில் கசிவு தொடங்கும்போது படுகையின் கடைசிப் பகுதி இன்னும் நிறைந்திருக்காது. அதற்கு ‘படுகைச் சுற்றேற்பு’ என்று தனிப் பதிவு போடுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.