குறைநீக்கல் வகுப்பில் ஒரு கெட்டிக்காரன்: டிஸ்லெக்சியா (அறிவு குறையாமலேயே வாசிப்பதும் எழுதுவதும் கடினமாகும் நிலை) பற்றி உறுப்பினர்களின் அனுபவங்கள்

பினாங்கு, ஆசிரியை

தமிழ்ப்பள்ளி ஒன்றில், படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். லகர ளகரக் குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இவனுக்கோ ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்கூட வரிக்கு வரி இடம் மாறின. மூன்று மொழிகளை ஒருசேரக் கற்கும் பிள்ளைகளுக்கு இது இயல்புதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லியே முதலிரண்டு ஆண்டுகளும் கழிந்திருந்தன.

பினாங்கு மலை ரயிலைப் பற்றிய பத்தி ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டாவது வரியைத் தாண்ட முடியாதவன், "டீச்சர், ரெண்டு வண்டியும் ஒரே கம்பியிலதானே கட்டியிருக்கு?" என்று கேட்டான். ஆம் என்றதும், இறங்கும் வண்டியின் எடை ஏறும் வண்டியை இழுக்க உதவுவதால் மோட்டாருக்கு வேலை குறைகிறது என்றும், இரண்டும் எப்போதும் நடுவழியில்தான் சந்திக்கும் என்பதால் அங்கே மட்டும் விலகுபாதை இருந்தால் போதும் என்றும் படம் வரைந்து விளக்கினான். பத்தியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதையே எழுதச் சொன்னபோது தாளில் வந்தவை மூன்று சொற்கள்.

பெற்றோர் அவனை உளவியல் நிபுணரிடம் அழைத்துச் சென்றனர். வெக்ஸ்லர் என்னும் அறிவுத்திறன் சோதனையில் சொல்லாற்றலும் தருக்க ஆற்றலும் வயதை மீறி உயர்ந்திருக்க, செயல்நினைவும் (தகவலைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) செயல்வேகமும் மிகத் தாழ்ந்திருந்தன. கூட்டிப் பார்த்த மொத்தமோ 'சராசரி' என்றது. இத்தகைய பிள்ளைகளிடம் அந்த ஒற்றை எண்ணை நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயல்நினைவையும் செயல்வேகத்தையும் விலக்கிக் கணக்கிடும் பொதுத்திறன் குறியீடு ஒன்று அதே சோதனையில் உண்டு. அறிக்கையில் அது இல்லையென்றால் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும். கல்வி அமைச்சின் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியலிலும் மாணவனின் வலிமைகளுக்கெனத் தனிப்பகுதி உள்ளது. அதை எத்தனை பேர் அக்கறையோடு நிரப்புகிறோம் என்பது வேறு கதை.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின், வகுப்பறை மதிப்பீட்டில் வாய்மொழி விடைகளையும் கணக்கில் கொள்ள முடிகிறது. அறிவியலில் அவனுடைய அடைவுநிலையை அப்படித்தான் பதிவு செய்தேன்; எழுத்துப் பயிற்சி குறைநீக்கல் வகுப்பில் தனியே தொடர்ந்தது.

கோலாலம்பூர், ஒரு தாயார்

வணக்கம் டீச்சர். என் மகளின் நிலை இதற்கு நேர்மாறானது. தொடக்கப்பள்ளியில் அவள் பின்தங்கியதே இல்லை. தோழி வாசிப்பதை ஒருமுறை கேட்டுவிட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிப்பாள். நாங்களும் அதை வாசிப்பு என்றே எண்ணியிருந்தோம். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் பாடங்கள் பெருகியதும் நினைவாற்றல் ஈடுகொடுக்கவில்லை. தேர்வுத்தாள் பாதியில் நின்றது, "சோம்பேறி" என்ற பட்டம் வந்தது, காலையில் வயிற்றுவலியும் வந்தது. தித்திவங்சாவிலுள்ள மலேசிய டிஸ்லெக்சியா சங்கத்தை அணுகிய பிறகே எங்களுக்கு விளக்கம் கிடைத்தது.

மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் கல்யாணப் பேச்சின்போது இடைஞ்சலாகும் என்று என் மாமியார் தடுத்தார். என் கணவர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. இப்போது பாடநூலைக் கைப்பேசி வாசிக்க, அவள் கேட்டுப் படிக்கிறாள். கூடுதல் கணிதம் எடுத்திருக்கிறாள். படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் பெறப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், படிவம் நான்கிலேயே தலைமையாசிரியரைச் சந்தித்து மருத்துவச் சான்றுகளைக் கொடுத்திருக்கிறோம்.