ஒரு கீ, பல மதிப்புகள், எல்லாம் வரிசையில்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஒரு கீக்கு (தரவைத் தேட உதவும் அடையாளம்) பல மதிப்புகள் (அதன் கீழ் சேமிக்கும் தரவு) இருக்க வேண்டும், அவை எப்போதும் வரிசையிலேயே இருக்க வேண்டும் என்ற தேவை பலருக்கு வந்திருக்கும். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு அமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சென்சார் எண்தான் கீ. அந்த சென்சார் அனுப்பும் அளவீடுகள் மதிப்புகள். குவாவா நூலகத்தில், ஒரு கீக்குப் பல மதிப்புகளை மர வடிவில் வரிசையாக வைக்கும் ட்ரீமல்ட்டிமேப்பில் நேர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். தேர்வு சரியானதுதான். ஒரு சென்சாரின் கடைசி பத்து நிமிட அளவீடுகளைக் கேட்டால், முழுவதையும் அலசாமல் மரத்தில் நேராக அந்த இடத்துக்கு இறங்கி அங்கிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

வந்த புகார் இதுதான்: அனுப்பிய அளவீடுகளைவிடச் சேமிக்கப்பட்டவை கொஞ்சம் குறைவு. பிழைச் செய்தி கிடையாது. லாக்கிலும் ஒன்றும் இல்லை. நெட்வொர்க்கில் தொலைகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் தரவு அமைப்பின் வாசல் வரை முழுசாக வந்துகொண்டிருந்தது.

காரணம் கம்பேரேட்டரில், அதாவது இரண்டில் எது முன், எது பின் என்று சொல்லும் நிரல் துண்டில் இருந்தது. அது இரண்டு அளவீடுகளின் நேரத்தை மட்டும் ஒப்பிட்டது, அதுவும் மில்லிவிநாடி வரைதான். ஒரே மில்லிவிநாடியில் இரண்டு அளவீடுகள் வந்தால் ஒப்பீட்டின் விடை பூஜ்யம். பூஜ்யம் என்றால் ட்ரீமல்ட்டிமேப்புக்கு இரண்டும் ஒரே பொருள். இரண்டாவதைச் சேர்க்காமல், புட் (சேர்) அழைப்புக்கு ஃபால்ஸ் (சேர்க்கவில்லை) என்று பதில் தந்துவிடும். அந்தப் பதிலை நிரலில் யாரும் பார்க்கவில்லை. அளவீட்டு வகுப்பில் இரண்டும் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ் முறை எல்லாப் புலங்களையும் சேர்த்து ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஆனால் வரிசைப்படுத்தும் அமைப்பு ஈக்வல்ஸைக் கேட்பதே இல்லை. எது முன், எது பின் என்று சொல்லும் அதே ஒப்பீடுதான் எது ஒன்று, எது வேறு என்பதையும் தீர்மானிக்கிறது. இந்த வகை அமைப்புகளில் ஒருவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜாவாவின் சொந்த வகுப்புகளிலேயே இதைப் பார்க்கலாம். தசம எண்களுக்கான பிக்டெசிமலில் 4.0, 4.00 இரண்டும் ஈக்வல்ஸ்படி வேறு வேறு. வரிசை ஒப்பீட்டு முறையான கம்பேர்டூ படி சமம். ஈக்வல்ஸைப் பார்க்கும் ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டும் இருக்கும், வரிசை ஒப்பீட்டைப் பார்க்கும் ட்ரீசெட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

நேரம் சமமாக இருந்தால் வரிசை எண்ணை ஒப்பிடு என்று கம்பேரேட்டரில் சேர்த்ததும் இழப்பு நின்றது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. 'இந்த நேரத்திலிருந்து' என்று கேட்க ஒரு போலி அளவீட்டை உருவாக்கி எல்லையாகக் கொடுக்கிறோம் அல்லவா, அதற்கும் இனிமேல் வரிசை எண் வேண்டும். ஏதோ ஒரு எண் போட்டால், எல்லையில் இருக்கும் மில்லிவிநாடியின் அளவீடுகளில் சில விடுபடும். தொடக்க எல்லைக்கு இருப்பதிலேயே சிறிய வரிசை எண்ணைக் கொடுக்க வேண்டும். கம்பேரேட்டரைத் தொட்டால் எல்லைத் தேடல்கள் அத்தனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

*

நான் சி பிளஸ் பிளஸ் பக்கம். எங்கள் குழுவில் நடந்தது வேறு மாதிரி. ஸ்டாண்டர்டு நூலகத்தின் மல்ட்டிமேப், ஒரே கீயின் மதிப்புகளையும் வரிசைப்படுத்தித் தரும் என்று பலரும் நம்புகிறார்கள். அது வரிசைப்படுத்துவது கீகளை மட்டும். ஒரே கீயின் மதிப்புகள் சேர்த்த ஒழுங்கிலேயே இருக்கும். 2011 தரநிலையிலிருந்து அதற்கு உத்தரவாதமும் உண்டு.

சோதனைக் கோப்பில் தரவு ஏற்கெனவே ஏறுவரிசையில் இருந்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பல கோப்புகளை இணையாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தது. கீ, மதிப்பு இரண்டையும் ஒரு ஜோடியாகக் கட்டி, அந்த ஜோடிகளின் வரிசைப்பட்ட செட்டாக மாற்றினோம். ஒரு கீயின் பகுதி எங்கே தொடங்குகிறது என்று அறிய, அந்தக் கீயோடு மிகச் சிறிய மதிப்பைச் சேர்த்து லோயர்பவுண்ட் (அதற்குக் குறையாத முதல் இடம்) கேட்டால் போதும். மேலே நீங்கள் சொன்ன எல்லை விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் மரத்தில் ஒரு கணு. ஜிசிசி கம்பைலரின் நூலகத்தில், 64 பிட் கணினியில், நிறமும் (மரத்தைச் சமநிலையில் வைக்க உதவும் குறிப்பு) மூன்று சுட்டிகளும் மட்டுமே 32 பைட் எடுக்கும். மதிப்பு வெறும் 4 பைட் எண் என்றால் இது பெரிய சுமை. ஒருமுறை கட்டிவிட்டுப் பிறகு படிக்க மட்டும் செய்யும் இடங்களில், வெக்டரில் (தொடர்ச்சியான பட்டியலில்) எல்லாவற்றையும் போட்டு ஒரே தடவை சார்ட் செய்துவிடுகிறோம். நினைவகம் குறைகிறது, தொடர்ந்து படிக்கும்போது வேகமும் கூடுகிறது.

*

எல்எம்டிபி என்ற கீ-மதிப்புத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்காக இது. அதில் டூப்சார்ட் என்ற அமைப்பை இயக்கினால் ஒரே கீக்குப் பல மதிப்புகளை வரிசையாக வைத்துக்கொள்ளும், வட்டிலேயே. தேடல் அட்டவணைகளுக்கு எனக்கு மிகவும் பிடித்த கருவி. இரண்டு விஷயங்களைச் சந்தித்தேன்.

முதலாவது, டூப்சார்ட்டில் ஒவ்வொரு மதிப்பின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. இயல்பான கட்டமைப்பில் 511 பைட். காரணம், உள்ளே அந்த மதிப்புகள் இன்னொரு மரத்தின் கீகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன. அதனால் பெரிய ஆவணங்களை வேறு அட்டவணையில் வைத்து, இங்கே எண்ணை மட்டும் வைப்பதுதான் வழி.

இரண்டாவதுதான் அதிகம் குழப்பியது. இயல்பாக அது பைட் பைட்டாக ஒப்பிடும். லிட்டில் எண்டியன் முறையில் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்) எழுதிய 256, 1க்கு முன்னால் வந்து நிற்கும். ஏனென்றால் 256இன் முதல் பைட் பூஜ்யம். பிக் எண்டியனில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) எழுதினால் சரியாகிவிடும். ஆனால் எதிர்ம எண்களும் இருந்தால் அவை நேர்ம எண்களுக்குப் பின்னால் போய் உட்காரும், நேர்மமா எதிர்மமா என்று காட்டும் குறி பிட்டைத் திருப்பி எழுத வேண்டும்.

*

ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் சார்ட்டட் செட்டில் (வரிசைப்பட்ட தொகுப்பில்) இதே போன்ற ஒன்றைப் பார்த்தேன். அங்கே வரிசையைத் தருவது ஸ்கோர். அது 64 பிட் மிதவைப் புள்ளி எண். முழு எண்களைப் பிசகாமல் தாங்குவது 2இன் 53ஆம் அடுக்கு வரைதான், அதாவது 9007199254740992. 19 இலக்க அடையாள எண்களை ஸ்கோராகக் கொடுத்திருந்த ஒரு அமைப்பில், அருகருகே இருந்த எண்கள் ஒரே ஸ்கோராகிவிட்டன. ஸ்கோர் சமமானால் ரெடிஸ் உறுப்பின் பைட் வரிசைப்படி அடுக்கும். அதனால் எதுவும் தொலையவில்லை, ஒழுங்கு மட்டும் கலைந்தது.

எல்லாவற்றுக்கும் ஸ்கோரைப் பூஜ்யமாக வைத்து, எண்ணைச் சம நீளத்துக்கு முன்னால் பூஜ்யங்கள் நிரப்பி உறுப்பாகவே எழுதினோம். இல்லாவிட்டால் 10, 9க்கு முன் வந்துவிடும். உறுப்புகளின் பைட் வரிசைப்படி ஒரு பகுதியைக் கேட்கும் இசட்ரேஞ்ச்பைலெக்ஸ் கட்டளை, ஸ்கோர் எல்லாம் சமமாக இருந்தால்தான் நம்பகமாக வேலை செய்யும் என்பதையும் கவனியுங்கள்.

*

பைத்தானில் டிஃபால்ட்டிக்டும் (இல்லாத கீக்குத் தானே மதிப்பு உருவாக்கும் அகராதி) பைசெக்ட்டும் (வரிசைப்பட்ட பட்டியலில் இடம் தேடும் தொகுதி) சேர்த்து இதையே செய்கிறேன். சிறிய அளவுக்கு நன்றாகவே போதும். பைசெக்ட்டின் இன்சார்ட் (வரிசை கெடாமல் நுழைப்பது) இடத்தை வேகமாகக் கண்டுபிடித்தாலும், நடுவில் நுழைக்கும்போது பின்னால் இருப்பவற்றை எல்லாம் தள்ள வேண்டியிருக்கும். அப்புறம், டிஃபால்ட்டிக்டில் இல்லாத கீயைச் சதுர அடைப்பில் கேட்டாலே வெற்றுப் பட்டியல் ஒன்று உருவாகிவிடும். வெறும் பார்வைக்கு கெட் முறையைப் பயன்படுத்துங்கள்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: சேர்த்த பிறகு அளவீட்டின் நேரத்தைத் திருத்த வேண்டி வந்தால் என்ன செய்கிறீர்கள்?

*

நல்ல கேள்வி, எங்களுக்கும் அந்தத் தேவை உண்டு. சில சென்சார்களின் கடிகாரம் விலகியிருக்கும், பின்னால் திருத்தம் வரும். உள்ளே இருக்கும் பொருளின் நேரத்தை அப்படியே மாற்றினால் மரத்துக்கு அது தெரியாது. பொருள் பழைய இடத்திலேயே நிற்கும், தேடல் புதிய இடத்துக்குப் போகும். நீக்கச் சொன்னாலும் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் முழுவதையும் வரிசையாகப் படித்தால் பட்டியலில் தெரியும். முதலில் பழையதை நீக்கி, திருத்திய புதிய பொருளைச் சேர்ப்பதுதான் ஒரே வழி. அதனால் அளவீட்டு வகுப்பையே மாற்ற முடியாததாக, எல்லாப் புலங்களும் ஃபைனல் (ஒருமுறை மட்டும் மதிப்பு ஏற்பவை) என்று ஆக்கிவிட்டோம். இப்போது நேரத்தை நேரடியாக மாற்ற யாராவது எழுதினால் கம்பைலரே நிறுத்திவிடுகிறது.