யானையைப் பூங்காவுக்குள் அடைப்பது பாதுகாப்பாகுமா? (புனைபெயரில் மூவர் உரையாடல்)

வில்லுக்கரை: இலங்கையில் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023 இல் மட்டும் 400 க்கும் மேற்பட்டவை இறந்துவிட்டன. துப்பாக்கியும், சட்டவிரோத மின்கம்பியும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் கொல்வது ஊர்ப்புறங்களில்தான் என்பதால், யால, வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களின் எல்லைகளில் உறுதியான மின்வேலி அமைத்து யானைகளை உள்ளே நிறுத்துவதே வழி என்பது என் உறுதியான கருத்து.

சேனைக்காடு: தங்கள் கவலை எனக்கும் உண்டு, வழியைத்தான் ஏற்க முடியவில்லை. யானைகள் வாழும் நிலத்தின் பெரும்பகுதியில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். காட்டை வெட்டி எரித்துச் சில பருவங்கள் மட்டும் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பின் தரிசாகும் நிலத்தில் முளைக்கும் புல்லும் இளஞ்செடிகளும் முதிர்ந்த காட்டில் கிடைப்பதைவிட நல்ல தீனி. அதை உண்டு பழகிய கூட்டத்தைத் துரத்திப் பூங்காவுக்குள் அடைத்தபோது, குட்டிகளும் தாய்களும் எலும்பும் தோலுமாகி மடிந்ததை நாடு கண்டிருக்கிறது. மேலும், பல மின்வேலிகள் வனசீவராசிகள் திணைக்களக் காட்டையும் வனத் திணைக்களக் காட்டையும் பிரிக்கும் கோட்டில் நிற்கின்றன. அங்கே இருபுறமும் யானைகளே! வேலி ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் இருக்கட்டும். அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றினால், எஞ்சிய நெல்தாளை யானை மேயும்.

வில்லுக்கரை: திணைக்கள எல்லை வேலி பற்றித் தாங்கள் கூறுவது சரி. ஆனால் கம்பியில் படரும் கொடியை நாள்தோறும் வெட்டிப் பராமரிக்கும் சுமை, ஏற்கெனவே கடனில் உள்ள விவசாயியின் தலையில் அல்லவா விழும்?

மழைக்காடு: இருவரும் யானையோடு நின்றுவிட்டீர்கள். பெரிய பூங்காக்கள் உலர்வலயத்தில் உள்ளன. இத்தீவுக்கே உரிய உயிரினங்களில் பெரும்பாலானவையோ ஈரவலயத்தில் உள்ளன. 1988 இல் உலக மரபுரிமையானபோது சிங்கராஜா மழைக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 89 சதுர கிலோமீற்றர். வில்பத்து 1,300 ஐத் தாண்டும். இத்தீவிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்களில் பல, குளத்தில் முட்டையிடாமல் ஈரச் சருகில் இடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவருகிறது. மேலே மரக்கவிகை திறந்து சருகு காய்ந்தால் அந்தத் தலைமுறை முடிந்தது. பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வாறு காடு சுருங்கச் சுருங்க ஏற்கெனவே அற்றுப்போயின.

சேனைக்காடு: ஏற்கிறேன். ஒரே குன்றில் வாழ்ந்து முடியும் தவளைக்கு எல்லைக் கல் உயிர் காக்கும். தீனி தேடிப் பருவந்தோறும் இடம் மாறும் யானைக்கு அது உதவாது. வில்லுக்கரை, பராமரிப்புக் கூலியை அரசு ஏற்குமானால் ஊர்வேலிக்குத் தாங்கள் உடன்படுவீர்களா?

வில்லுக்கரை: உடன்படுவேன். ஆயினும் பூங்கா எல்லைக் காடுகளை யாருக்கும் பகிர்ந்தளிக்கக் கூடாது என்பதில் மாறமாட்டேன்.